மூன்றாவது சப்வூஃபர் வாங்குவதற்கு முன் ஓம் கணக்கைப் பாருங்கள்

கொட்டகலையிலிருந்து ஹயர் வேன் ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வேனின் பின்பக்கம் ஒரே பெட்டியில் இரண்டு 12 அங்குல சப்வூஃபர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு 4 ஓம் கொயில்கள். ஒன்று தொடர்ந்து தாங்கும் அளவு (ஆர்எம்எஸ்) 300 வாட். ஓட்டுவது ஒரு மோனோ (ஒற்றைச் சனல்) அம்ப்ளிஃபையர், சுருக்கமாக அம்ப். அதன் புத்தகத்தில் 4 ஓமுக்கு 600 வாட், 2 ஓமுக்கு 1000 வாட், அதற்குக் கீழே போகக்கூடாது என்று போட்டிருக்கிறது. டவுனில் ஒரு வயரிங் பாஸ் நான்கு கொயில்களையும் ஒன்றாக முறுக்கி அம்பில் மாட்டிக் கொடுத்துவிட்டார். வொலியூமைக் கூட்டினால் இரண்டு மூன்று பாட்டுக்குள் சிவப்பு விளக்கு எரிந்து அம்ப் நின்றுவிடுகிறது. இரவில் மூடுபனிக்குள் ஊர்ந்து போகும்போது ஹெட்லைட் தாளத்துக்குத் தாளம் மங்குகிறது. இப்போது நண்பர் ஒருவர் வேறு கம்பனியின் ஒற்றைக் கொயில் 4 ஓம் சப்வூஃபர் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருகிறாராம். அதையும் சேர்க்கலாமா, சேர்ப்பதென்றால் எப்படி மாட்டுவது என்பது கேள்வி.

சேர்க்க வேண்டாம், தம்பி. இருக்கிற இரண்டையும் 4 ஓமாக மாற்றி மாட்டுங்கள். அம்ப் இடையில் நிற்பது நின்றுபோகும். ஹெட்லைட் மங்குவதும் பெருமளவு குறையும். சத்தம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். உங்கள் ஸ்பீக்கர்கள் இரண்டும் சேர்ந்து தாங்குவது 600 வாட். 4 ஓமில் உங்கள் அம்ப் தருவதும் 600 வாட். இதைவிடப் பொருத்தமான ஜோடியைக் காசு கொடுத்துத் தேடினாலும் கிடைப்பது கடினம். காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். இதே சங்கடம் மலையகத்து வேன்களிலும் ஓட்டோக்களிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

அம்ப் வெளியே தருவது வோல்டேஜ். அந்த வோல்டேஜுக்கு எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதை ஸ்பீக்கரின் ஓம், அதாவது அதன் தடை, தீர்மானிக்கிறது. ஓம் பாதியானால் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். அதோடு வாட்டும் இரண்டு மடங்காகும். அம்புக்குத் தாங்கும் சக்தி இருக்கும்வரை இது லாபம். அந்த எல்லையைத் தாண்டினால் மிஞ்சுவது சூடுதான். 2 ஓமுக்குக் கீழே வேண்டாம் என்று புத்தகத்தில் எழுதியிருப்பது, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களும் மின்வழங்கியும் எவ்வளவு மின்னோட்டத்தைச் சுமக்கும் என்று பார்த்து எழுதியது.

சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த தொடர் இணைப்பும் சமாந்தர இணைப்பும் நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. தொடராக இணைத்தால் ஓம்கள் கூடும்: 4 உம் 4 உம் 8. ஒரே அளவான இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் பாதியாகும்: 4 உம் 4 உம் 2. கொழுந்து மடுவத்தில் ஒரு தராசுக்குப் பதில் இரண்டு தராசு வைத்தால் வரிசை இரண்டு மடங்கு வேகமாக நகர்வதைப் போல, மின்னோட்டத்துக்கு இன்னொரு வழி திறந்தவுடன் மொத்தத் தடை இறங்குகிறது. அளவுகள் வேறாக இருந்தால் இரண்டையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 4 உம் 8 உம் சமாந்தரமானால், 32ஐ 12ஆல் வகுக்க 2.67 ஓம்.

இப்போது உங்கள் வேனுக்கு வருவோம். நான்கு 4 ஓம் கொயில்களையும் சமாந்தரமாக முறுக்கினால் கிடைப்பது 1 ஓம். அம்ப் தாங்கும் எல்லையில் சரிபாதி. அப்படியானால் முதல் நொடியிலேயே ஏன் நிற்கவில்லை, இரண்டு பாட்டு வரை ஏன் ஓடியது என்று கேட்பீர்கள். ஸ்பீக்கரின் ஓம் எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெட்டிக்குள் கூம்பு இயல்பாக அதிர விரும்பும் இடத்துக்கு அருகில் அது பல மடங்கு ஏறிவிடும். அதனால் குறைந்த சத்தத்தில், சில பாட்டுகளில், அம்ப் தப்பித்துக்கொள்ளும். வொலியூமைக் கூட்டியபின் ஓம் மிகவும் இறங்கும் ஒரு பேஸ் வந்தால் பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். அந்தச் சிவப்பு விளக்கைத் திட்டாதீர்கள். அம்ப் இன்னும் உயிரோடு இருப்பதே அதனால்தான். மலிவான அம்புகள் சிலவற்றில் அந்த விளக்கு எரிவதற்குள் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும்.

இந்த நான்கு கொயில்களை எப்படி மாற்றி மாற்றி மாட்டினாலும், எல்லாவற்றுக்கும் சமமான பங்கு போக வேண்டுமென்றால், வரக்கூடிய விடைகள் மூன்றே: எல்லாம் சமாந்தரமென்றால் 1 ஓம், இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி அந்த இரண்டு சோடிகளையும் சமாந்தரமாக்கினால் 4 ஓம், எல்லாம் தொடரென்றால் 16 ஓம். 2 ஓம் வரவே வராது. இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. 2 ஓம் அம்பில் முழு 1000 வாட்டையும் எடுக்க வேண்டுமென்று ஒருவர் நினைத்தால், அவர் வாங்க வேண்டியது இரண்டு ஒற்றைக் கொயில் 4 ஓம் ஸ்பீக்கர்கள், அல்லது இரண்டு இரட்டைக் கொயில் 2 ஓம் ஸ்பீக்கர்கள். பின்னையதில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் கொயில்களைத் தொடராக்கினால் 4 ஓம். இரண்டு ஸ்பீக்கரையும் சமாந்தரமாக்கினால் 2 ஓம். மறுபக்கம், 1 ஓம் தாங்கும் அம்ப் இருந்தால் உங்கள் ஸ்பீக்கர்களைப் பாஸ் மாட்டிய மாதிரியே மாட்டலாம். ஆகவே அவர் போட்ட இணைப்பில் பிழையில்லை. அது வேறு அம்புக்கான இணைப்பு.

இரட்டைக் கொயில் என்பது அதிக சத்தத்துக்கான ஏற்பாடு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. ஓமைத் தேர்ந்தெடுக்க வசதி தருவது மட்டுமே அதன் வேலை. ஒரு கொயிலை மட்டும் மாட்டி மற்றதைச் சும்மா விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது ஸ்பீக்கர் தாங்கும் வாட் ஏறக்குறைய பாதியாகிவிடும், பேஸும் தளர்ந்து கொழகொழத்துப் போகும்.

இன்னொரு பொறி, மோனோ அம்பில் ஸ்பீக்கருக்கென்று இருக்கும் இரண்டு சோடி முனைகள். சோடிக்கு ஒரு ஸ்பீக்கர் என்று மாட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே அந்த இரண்டு சோடியும் ஒரே இடத்தில் சேர்கின்றன. இரண்டு வயர்களை ஒரு முனைக்குள் திணிக்கக் கஷ்டமாக இருக்கும் என்பதற்காக வைத்த வசதி அது. இரண்டில் மாட்டினாலும் சமாந்தரம் சமாந்தரமே.

நண்பரின் மூன்றாவது ஸ்பீக்கருக்கு வருகிறேன். இங்கே கணக்கு மிக அழகாக வந்து ஏமாற்றும். உங்கள் இரண்டு ஸ்பீக்கரையும் 4 ஓமாகக் கட்டி, அதற்குச் சமாந்தரமாக நண்பரின் 4 ஓமை இணைத்தால் மொத்தம் சரியாக 2 ஓம். அம்புக்கு மெத்த மகிழ்ச்சி. 1000 வாட்டையும் தரும். ஆனால் அந்த 1000 எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். பாதி, அதாவது 500 வாட், நண்பரின் ஒற்றை ஸ்பீக்கருக்குப் போகும். மீதி 500ஐ உங்கள் இரண்டும் ஆளுக்கு 250ஆகப் பகிர்ந்துகொள்ளும். நல்ல ஸ்பீக்கர்கள் இரண்டும் குறைவாக வாங்க, குணம் தெரியாத பழையது இரண்டு மடங்கு வாங்கும். சமாந்தரத்தில் ஓம் குறைந்தவனுக்கே பெரிய பங்கு. தொடரில் ஓம் கூடியவனுக்குப் பெரிய பங்கு. ஒரே மாதிரியான ஸ்பீக்கர்களை மட்டும் சேர்க்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் பெட்டி. ஒரே அறைக்குள் வெவ்வேறு கம்பனியின் கூம்புகள் அசையும்போது, தளர்வான ஒன்றை இறுக்கமான மற்றது உள்ளிருந்து தள்ளும். ஒன்று முன்னே போகும் நேரத்தில் மற்றது பின்தங்கும். பேஸ் கூடுவதற்குப் பதில் சில சுரங்களில் காணாமலே போய்விடும். தனி அறை கட்டினால் இது குறையும். ஆனால் அதற்குள் ஒரு சீட் போய்விடும். ஹயர் ஓடுகிற வேனில் ஒரு சீட்டுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் இருப்பதைப் போலவே, அதே கம்பனி, அதே மாதிரி மூன்றாவது ஒன்று கிடைத்தால் கதை வேறு. ஒவ்வொன்றிலும் கொயில்களைத் தொடராக்கி 8 ஓம், மூன்றையும் சமாந்தரமாக்கினால் 2.67 ஓம். உங்கள் அம்ப் அதைத் தாராளமாகத் தாங்கும், பங்கும் சமம். அதற்கும் பெட்டி புதிதாக அடிக்க வேண்டும், பெட்டரிப் பக்கமும் பலப்பட வேண்டும்.

அவ்வளவு செலவுக்கு என்ன கிடைக்கும்? வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபெல் கூடும். அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும், ஆனால் இரண்டு மடங்கு சத்தமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படித் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 600ஐ 1000 ஆக்கினால் கிடைப்பது 2 டெசிபெலுக்குச் சற்று மேல். பின் கதவைத் திறந்து வைத்தாலும் மூடினாலும் அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும்.

சரி, 4 ஓமாக மாட்டுவதைக் கையோடு செய்து பார்ப்போம். அம்பின் மெயின் பியூஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பாஸ் முறுக்கியதையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு கொயிலும் தனியாக நிற்கும்படி செய்யுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள்; 0.2 அல்லது 0.3 காட்டினால் அது மீட்டர் வயரின் தடை, பிறகு வரும் அளவுகளில் கழித்துக்கொள்ள வேண்டும். இனி நான்கு கொயிலையும் அளந்து பாருங்கள். 4 ஓம் கொயில் மீட்டரில் 4 காட்டாது, 3.2க்கும் 3.8க்கும் இடையில் ஏதோ ஒன்று காட்டும். அது சரியானதே. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால் அந்தக் கொயில் ஏற்கனவே கருகியிருக்கிறது. கூம்பை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்தினால் உள்ளே உரசும் சத்தம் கேட்கும், கருகிய வாசனையும் வரலாம்.

முதல் ஸ்பீக்கரில், ஒரு கொயிலின் கழித்தல் முனையிலிருந்து மற்றக் கொயிலின் கூட்டல் முனைக்கு ஒரு சிறு துண்டு வயர் போடுங்கள். மீதமிருக்கும் ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் அந்த ஸ்பீக்கரின் இரண்டு வாசல்கள். அங்கே அளந்தால் 7 ஓமுக்கு அருகில் வர வேண்டும். இரண்டாவது ஸ்பீக்கரையும் அப்படியே செய்யுங்கள். வயரை அம்பிடம் கொண்டுபோவதற்கு முன் ஒரு சோதனை: 1.5 வோல்ட் டோர்ச் பெட்டரி ஒன்றை எடுத்து அதன் கூட்டலை ஸ்பீக்கரின் கூட்டலிலும், கழித்தலைக் கழித்தலிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளிப்பக்கம் ஒரு நூலளவு துள்ள வேண்டும். உள்ளே போனால் வயர் தலைகீழ். துள்ளவே இல்லையென்றால் ஒரே ஸ்பீக்கரின் இரண்டு கொயில்களில் ஒன்று தலைகீழாகிவிட்டது. ஒன்று முன்னே தள்ள மற்றது பின்னே இழுக்கிறது. அப்படியே அம்பில் மாட்டினால் சத்தமே வராமல் கொயில் மட்டும் வேகும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் துள்ளுகின்றனவா என்பதையும் பாருங்கள். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் பெட்டிக்குள் காற்று இங்கும் அங்கும் போய்வருமே தவிர வேனுக்குள் பேஸ் வராது. பேஸ் போதவில்லை என்று மூன்றாவது ஸ்பீக்கர் தேடுகிறவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது இந்த ஒரு வயரை மாற்றிப் போடுவதுதான்.

பிறகு இரண்டு ஸ்பீக்கரின் கூட்டல்களும் அம்பின் கூட்டலுக்கு, கழித்தல்கள் இரண்டும் கழித்தலுக்கு. மாட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை வயரின் நுனிகளில் அளந்தால் 3.5 அளவில் காட்ட வேண்டும். 1க்கு அருகில் எதையாவது காட்டினால் மாட்டாதீர்கள், எங்கோ பழைய முறுக்கு மிச்சமிருக்கிறது. நுனிகளை முறுக்கி டேப் சுற்றாமல் சரியான லக் போட்டு அழுத்துங்கள். சப்வூஃபர் பெட்டியின் அதிர்வுக்கும் நம் வீதிகளின் குழிகளுக்கும் டேப் நெடுநாள் நிற்காது.

ஸ்பீக்கர் பக்கம் முடிந்தது. ஆனால் ஹெட்லைட் மங்குவது ஸ்பீக்கர் பக்கத்துச் சங்கதி மட்டும் அல்ல. டி வகுப்பு மோனோ அம்ப் ஏறக்குறைய 80 சதவீதத் திறனில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், 600 வாட் வெளியே வர 750 வாட் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டில் அது 54 அம்பியர். பாட்டு எப்போதும் உச்சியில் நிற்பதில்லை என்பதால் சராசரி இதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அந்த 54ஐ நோக்கி ஒரு துள்ளல் இருக்கும். மறுபக்கம், ரம்பொடை வளைவுகளிலோ நானுஓயாப் பக்கமோ மூடுபனிக்குள் ஊர்ந்து போகும் வேனை நினைத்துப் பாருங்கள். ஹெட்லைட், ஃபொக் லைட், வைப்பர், கண்ணாடியின் பனியைப் போக்கும் புளோவர் எல்லாம் ஓடும்போது அவை மட்டும் 30 அம்பியருக்கு அருகில் இழுத்துவிடும். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அல்டர்னேட்டர் அதன் தகட்டில் எழுதியிருக்கும் அளவில் பாதியைக் கூடத் தராமல் போகலாம். மிச்சத்தைப் பெட்டரி கொடுக்கிறது, வோல்டேஜ் இறங்குகிறது, விளக்கு மங்குகிறது. 1 ஓமில் இந்தத் துள்ளல் 90 அம்பியரையும் தாண்டப் பார்க்கும். 4 ஓமுக்கு வந்தவுடன் விளக்கு அமைதியாவதற்குக் காரணம் இதுதான்.

இதற்குக் கடையில் சொல்லும் மருந்து 1 ஃபரட் கபசிட்டர். அதன் கணக்கையும் போட்டுவிடுவோம். 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்வரை அதிலிருந்து கிடைப்பது 26 ஜூல். 750 வாட் இழுக்கும் அம்புக்கு அது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குக் கூடத் தட்டுத்தடுமாறித்தான் போதும். மங்கலின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவே. அந்தக் காசுக்கு நல்ல வயர் வாங்குங்கள்.

வயர் என்று சொல்லும்போது, வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67ஐ அம்பின் பவர் வயராகப் போட்டிருக்கும் வேன்களைப் பார்த்திருக்கிறேன். அது 2.5 சதுர மில்லிமீட்டர். பிளக் பொயின்ட் அடிக்க உத்தமமான வயர். 50 அம்பியருக்கு அது வயர் அல்ல, ஹீட்டர். உங்களுக்குத் தேவை 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர் அளவிலான செப்பு வயர். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை 5 மீட்டர் என்றால், 54 அம்பியரில் அதில் இழப்பது 0.2 வோல்ட்டைச் சற்றே தாண்டும். 8 கேஜில் அரை வோல்ட்டுக்கு மேல். வாங்கும்போது நுனியை வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகம் வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். ஒரே தடிப்பில் செப்பைவிட ஒன்றரை மடங்கு தடை. மலிவாகக் கிடைத்தால் அதையும் போடலாம், ஆனால் ஒரு அளவு பெரியதாகப் போட வேண்டும்.

பியூஸ், பெட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 4 கேஜுக்கு 80 அல்லது 100 அம்பியர் போதும். அம்பின் முதுகில் இருக்கும் பியூஸ் அம்பைக் காப்பது. பெட்டரிக்கு அருகில் இருப்பது வேனைக் காப்பது. வயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் விட்டால், அதிர்ந்து அதிர்ந்து உறை தேய்ந்து ஒருநாள் வேனின் பொடியில் (உடல் தகரத்தில்) படும். அப்போது இடையில் பியூஸ் இல்லையென்றால் தீ. இந்த ஒரு விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எர்த் வயரும் அதே தடிப்பில், முடிந்தவரை கட்டையாக, பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் இடத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இங்கே நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. நாட்டில் அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளையைக் கடந்துதான் உங்கள் பாதி ஹயர்கள் போகின்றன. வேனின் தரை எப்போதும் ஈரம். பெயின்ட் சுரண்டிய இடம் ஒரு தென்மேற்குப் பருவமழைக்குள்ளேயே துருப்பிடித்து, இறுக்கமாகத் தெரியும் போல்டுக்கு அடியில் தடை ஏறிவிடும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயின்டோ பூசி மூடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அம்பைத் தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு பலகைமேல் பூட்டினால் தண்ணீர் அண்டாது, காற்றும் போகும்.

கெயின் குமிழைச் சத்தக் குமிழ் என்று நினைத்துக் கடைசிவரை திருப்பி வைத்திருப்பார்கள். அதை வைக்க முறை ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, போனிலிருந்து 50 ஹேர்ட்ஸ் சீரான ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். செட்டின் வொலியூமை நீங்கள் வழக்கமாகப் போகும் உச்சத்துக்குக் கொண்டுபோய், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அம்பின் ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட். 600ஐ 4ஆல் பெருக்க 2400, வர்க்கமூலம் 49. மீட்டர் 49 காட்டும் இடத்தில் கெயினை நிறுத்துங்கள். அதற்குமேல் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, சத்தம் கூடாமல் கொயிலுக்குச் சூடு மட்டும் கூடும். உயர்ந்த சுரங்களை வெட்டும் லோ பாஸ் குமிழை 80 ஹேர்ட்ஸ் அளவில் வைத்தால் பாட்டுக்காரரின் குரல் பின் சீட்டிலிருந்து வராது.

அம்ப் வாங்கப் போகும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சிகாவத்தையிலோ டவுன் கடையிலோ 3000 வாட் என்று ஒட்டியிருக்கும் அம்பை எடுத்தால் முதலில் அதன் பியூஸைப் பாருங்கள். 25 அம்பியர் பியூஸ் இரண்டு இருந்தால் 50 அம்பியர், 13.8ஆல் பெருக்கி, 80 சதவீதம் எடுத்தால் 550 வாட் அளவு. உள்ளே போகாத வாட் வெளியே வராது. தம்பியின் அம்பில் 30 அம்பியர் பியூஸ்கள் மூன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இருந்தால் அந்த 1000 வாட் நேர்மையான எண்.

மோனோ இல்லாமல் இரண்டு சனல் அம்பைப் பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சனலையும் ஒன்றாக்கி, சப்வூஃபர் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பிரிட்ஜில் ஒவ்வொரு சனலும் உங்கள் ஸ்பீக்கரின் ஓமில் பாதியைத்தான் பார்க்கும். சனலுக்கு 2 ஓம் தாங்கும் அம்ப், பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. ஆகவே இரண்டு ஒற்றைக் கொயில் 4 ஓமைச் சமாந்தரமாக்கிப் பிரிட்ஜில் மாட்டினால் அது தவறு. சனலுக்கு ஒன்றாக மாட்டிவிடுங்கள். அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு அல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பெட்டரியிலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ட் பெட்டரியை நிரப்புகிறது. பல மாடல்களில் அந்தச் சிறு பெட்டரி பின்பக்கம் இருப்பதால் வயர் கட்டையாகப் போகும் என்பது வசதி. ஆனால் அது மிகச் சிறியது, மாற்றியும் பெரிய அம்புக்காகச் செய்ததல்ல. அதில் 300 வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கொழும்பில் கேட்ட அதே செட் நுவரெலியாவில் கொஞ்சம் அடங்கி ஒலிக்கிறதே என்று சிலர் சந்தேகப்படுவார்கள். பொய்யில்லை. 1868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. கூம்பு அதே தூரம் அசைந்தாலும் தள்ளுவதற்குக் காற்றே குறைவு என்பதால் ஓரிரு டெசிபெல் இறங்கும். மூடிய பெட்டிக்குள் காற்றின் விறைப்பும் அதே அளவு தளர்வதால், பெட்டி சற்றுப் பெரிதானது போல நடந்துகொள்ளும். அதைச் சரிக்கட்ட அம்பை முறுக்காதீர்கள். மேட்டு லயத்துத் தகரக் கூரைகளைக் கிடுகிடுக்க வைக்க உங்கள் 600 வாட் தாராளம், விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் அங்கே தூங்குகிறார்கள்.

4 ஓமுக்கு மாற்றிய பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஸ்பீக்கர் வயர்களை அம்பிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு அம்பைப் போடுங்கள். அப்போதும் எரிந்தால் 1 ஓமில் ஓடிய காலத்தில் உள்ளே ஏதோ போய்விட்டது, திருத்துபவரிடம்தான் போக வேண்டும். எரியாவிட்டால் வயர் எங்கோ பெட்டியின் உலோகத்திலோ பொடியிலோ உரசுகிறது. சத்தம் கூடும்போது மட்டும் எரிந்தால், அந்த நேரத்தில் அம்பின் பவர் முனையில் வோல்ட்டை அளந்து பாருங்கள். 11க்கு அருகில் இறங்கினால் குற்றவாளி எர்த் போல்டு அல்லது பெட்டரி. எர்த்தை முதலில் பாருங்கள், அதற்குச் செலவு ஒரு துண்டு அரத்தாள்.